லுகோ ஏன் சரி என்றான்

நவம்பர் 12

பள்ளிப் பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரும்போதே ஏரிக்காற்று காதைப் பிய்த்தது. பஃபலோவில் இனி ஏப்ரல் வரைக்கும் இதுதான். பேஸ்பால் ஆட்டம் இல்லாத ஐந்து மாதம். யாரை வாங்கினார்கள், யாரை விட்டார்கள் என்று வானொலியில் பேசிப் பேசியே உயிரைப் பிடித்துவைத்திருக்க வேண்டும்.

இன்றைக்கு முதல் செய்தி. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் பந்து வீசுகிற மோர்லியை நம் ஊர் டீம் கேனலர்ஸ் மறுபடி ஒப்பந்தம் செய்யவில்லை. நல்லதாய்ப் போயிற்று. அவன் பந்தைக் கையில் எடுத்தாலே நான் தொப்பியால் முகத்தை மூடிக்கொள்வேன்.

மேலே ஸிக்கி குதிகாலால் தரையை இரண்டு தரம் இடித்தான். இரண்டு இடி என்றால் அநியாயம் என்று அர்த்தம். அவனும் அதே நிலையத்தைத்தான் வைத்திருக்கிறான். என் வானொலியில் வரும் குரல் அவன் தளத்தின் வழியாக இன்னொரு தரம் கேட்கிறது.

ஸிக்கிக்கும் எனக்கும் விவாகரத்தாகி மூன்று வருஷம். வக்கீல் எல்லாவற்றையும் பங்கு போட்டார். மாடி அவனுக்கு, கீழ்த்தளம் எனக்கு. மைதானத்தில் மூன்றாம் பேஸ் பக்கம் சீசன் முழுவதற்கும் பணம் கட்டி வைத்திருக்கிற இரண்டு இருக்கைகளில் ஓரத்தது அவனுக்கு, உள்பக்கத்தது எனக்கு. வீட்டைப் பிறகு விற்றுக்கொள்ளலாம் என்றோம். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை.

நவம்பர் 20

ட்ராய் ஹட்சில் என்கிற ஆளை முதல் பேஸுக்கு எடுத்திருக்கிறார்கள். முப்பத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. அவன் ஓடுவதைப் பார்த்தால் பால் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும். இவனுக்கு இரண்டு வருஷ ஒப்பந்தமாம்!

மாடிப்படியில் ஸிக்கியைப் பார்த்தேன். தபால் அலுவலகச் சட்டையோடு குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஹட்சில் வந்துட்டான் பாத்தியா? இடது கையால அடிக்கிறவன். நம்ம மைதானத்துக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி."

"தைக்கிறது முழங்காலைத்தான் தைக்கணும்," என்றேன்.

"நீ போன வருஷமும் இப்படித்தான் சொன்ன."

"போன வருஷம் நாம கடைசி இடம், ஸிக்கி."

சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு எதற்குச் சிரித்தேன் என்று கோபம் வந்தது. இதே படி, இதே குப்பைக் கூடை, இதே பேச்சு. கல்யாணத்தில் இருந்ததெல்லாம் அப்படியே இருக்கிறது, கல்யாணத்தைத் தவிர.

டிசம்பர் 3

ஒன்றும் இல்லை. பனி. முட்டைக்கோஸ் சூப்.

டிசம்பர் 10

லுகோவை வேறு டீமுக்கு டிரேட் செய்துவிட்டார்கள்.

எழுதினால் நம்பிக்கை வரும் என்று எழுதினேன். வரவில்லை. எஃப்ரைன் லுகோ. நம் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் பதினோரு வருஷமாக ஒரு பந்தையும் போகவிடாமல் நின்றவன். என் இருக்கையிலிருந்து அவன் முதுகுதான் தெரியும். ஸிக்கி வீட்டுக்குள் பேசாமல் இருந்த வருஷங்களில்கூட அந்த முதுகு அங்கே இருந்தது.

அவனைக் கொடுத்து மூன்று பிள்ளைகளை வாங்கியிருக்கிறார்கள். பெரிய லீகில் ஒருவனும் ஒரு பந்தைக்கூட ஆடியதில்லை. அதில் டெல்வின் ப்ரூட் என்பவன்தான் இனி லுகோ இடத்தில் நிற்பானாம். பந்து வளைந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன் என்று கேள்வி. வேரோடு மரத்தைக் கொடுத்துவிட்டு விதைப் பொட்டலம் வாங்கி வந்திருக்கிறார்கள்.

மேலே ஒரே ஒரு இடி. அப்படியென்றால் நல்ல வேலை.

துடைப்பத்தை எடுத்து மேல்தளத்தில் குத்தினேன். சுண்ணாம்பு உதிர்ந்து தலையில் விழுந்ததுதான் மிச்சம்.

டிசம்பர் 11

இன்றைக்குக் கேள்விப்பட்டது நேற்றையதைவிட மோசம்.

பெரிய லீகில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே டீமில் இருந்தவனை அவன் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. சட்டம் அப்படி. லுகோவிடம் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சரி என்றிருக்கிறான். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டானாம்.

போயேன்டா! போ! யாரு உன்னைப் பிடிச்சு வச்சா? வெயில் ஊரு வேணும்னா போ!

பேருந்தில் முன் இருக்கைப் பெண் கேட்டாள்: "பெர்னி மிஸ், லுகோவுக்கு நம்மளைப் பிடிக்கலையா?" கண்ணாடியில் அவள் முகம். "பெல்ட்டைப் போடு" என்றேன்.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் முந்தின ராத்திரி. பீட்ரூட் சூப், மீன், பியரோகிக் கொழுக்கட்டை. போலந்து வழக்கம்போல் வராத விருந்தாளிக்கு ஒரு தட்டு. வழக்கம்போல் ஸிக்கி வந்து அதில் உட்கார்ந்தான். வருஷா வருஷம் அவன் வராத விருந்தாளியாக வந்துவிடுகிறான்.

அரிசோனாவிலிருந்து லுசில் அக்கா கூப்பிட்டாள்.

"ஏய்டி பெர்னி, அங்க யாரோ இருமுறாங்களே, யாரு?"

"ஸிக்கி."

"அடிப்பாவி. அவனை விட்டுட்டியா, வச்சிருக்கியா? ஏதாவது ஒண்ணு பண்ணித் தொலையேன்."

மேசா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்ட ஆள் கிடைக்காமல் அலைகிறார்களாம். "நீ வந்து நின்னா சாவியைக் கையில குடுத்துருவாங்க. என் வீட்ல பின்னறை சும்மாத்தான் கிடக்கு."

பார்க்கலாம் என்றேன். மூன்று வருஷமாக அதையேதான் சொல்கிறேன். ஸிக்கி பியரோகியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும்.

ஜனவரி 9

இருக்கைகளைப் புதுப்பிக்கச் சொல்லி மைதானத்திலிருந்து தகவல். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது.

படியில் ஸிக்கி: "வழக்கம்போலப் போட்டுறட்டுமா?"

"போடு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜனவரி 15

பள்ளிக்கூடம் இல்லை. சாலை இல்லை. எதிர்வீடும் இல்லை, வெறும் வெள்ளை. வாசல் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் பனிச்சுவர். கதவின் கைப்பிடி முதற்கொண்டு அதில் அச்சாகப் பதிந்திருக்கிறது.

மதியம் மாடியில் ஹீட்டர் போய்விட்டது. ஸிக்கி போர்வையும் உறைந்த பியரோகிப் பையும் வானொலியுமாக இறங்கி வந்து நின்றான்.

"ரிப்பேர்காரன் வர்ற வரைக்கும்," என்றான்.

"அவன் எப்படி வருவான்? பறந்தா?"

சோபாவைக் காட்டினேன்.

ஜனவரி 16

இன்னும் கொட்டுகிறது. இரண்டு வானொலியும் இப்போது ஒரே அறையில். ஒன்றை அணைத்தேன்.

காலையில் ஹட்சிலைப் பற்றிச் சண்டை. மோர்லி எங்கே போவான் என்று சண்டை. பகலுக்கு லுகோ.

"பதினோரு வருஷம்! இந்த ஊர் அவனைத் தலையில தூக்கி வச்சுக்கிச்சு. ஒரு வார்த்தை முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பதினோரு வருஷம் ஆச்சே, அதனாலதான் போயிருப்பான்."

"என்ன பேச்சு இது? நல்லா இருக்கிற இடத்தை விட்டு ஒருத்தன் போவானா?"

"நீ நல்லா இருக்கியா பெர்னி?"

அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். பிறகு திரும்பாமலே கேட்டேன்.

"நீ ஏன் இன்னும் மேலயே இருக்க?"

"நீ கீழ இருக்கியே. தனியா ஹீட்டரையும் பனியையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? நான் போயிட்டா நீ உடைஞ்சு போவன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "நானா? பக்கத்துச் சீட்ல நான் இல்லைன்னா நீ மைதானத்துக்கே போகமாட்ட, ரூம்லயே கிடந்து குடிப்பன்னு நினைச்சுத்தான் வருஷா வருஷம் சரி சரின்னுக்கிட்டிருக்கேன்!"

"எனக்காகவா?"

"பின்ன?"

"அட கடவுளே," என்றான். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான். உச்சியில் முடி போய்விட்டது. எப்போது போனதென்று எனக்குத் தெரியாது. "போன ரெண்டு வருஷமா ஏழாவது இன்னிங்ஸ்ல எந்திரிச்சு வீட்டுக்குப் போலாம்னு இருக்கும். நீ ரசிச்சுப் பாக்குறியேன்னு உக்காந்திருப்பேன்."

நான் ரசித்துப் பார்க்கவில்லை. அவன் பார்க்கிறானே என்று உட்கார்ந்திருந்தேன்.

பியரோகியை வெண்ணெயில் வறுத்தேன். சாப்பிட்டோம். வெளியே போக ஒரு கதவு இல்லை, அழ ஒரு அறை இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜனவரி 18

தெருவை இன்றுதான் திறந்தார்கள். ஸிக்கி ஜன்னல் வழியாக இறங்கி வெளியிலிருந்து வாசலைத் தோண்டினான். கதவு திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. யாரோ என்னை எழுப்பியது போலிருந்தது.

ஹீட்டரும் சரியாகிவிட்டது. மேலே போய்விட்டான். சத்தம் இல்லை. வானொலி போடவில்லை போல.

ஜனவரி 21

டிவியில் லுகோவின் பேட்டி. புது டீம், புதுத் தொப்பி, யாரோ போல இருந்தான். ஏன் சம்மதித்தாய் என்று கேட்டார்கள். நல்ல பணம், கோப்பை ஆசை என்று ஏதாவது அளப்பான், திட்டலாம் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன்.

அவன் சொன்னது: "பஃபலோல எல்லாரும் நல்லவங்க. ஒருநாள் காலைல வீட்லருந்து கிளம்பினேன், அடுத்து ஞாபகம் இருக்கறது மைதானத்துல காரை நிறுத்துறதுதான். நடுவுல எந்த சிக்னல், எந்தத் திருப்பம், ஒண்ணும் ஞாபகம் இல்ல. பயந்துட்டேன்."

பேட்டி எடுத்தவன் சிரித்துவிட்டு ஹட்சிலுக்குத் தாவினான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை நான் கடைசி நிறுத்தத்தில் கதவைத் திறந்தபோது பேருந்து காலியாக இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள். எங்கெங்கே நிறுத்தினேன்? யாரிடமும் சொல்லவில்லை. இங்கேகூட அன்றைக்கு எழுதவில்லை.

இந்த டிரேட் இன்னும் மட்டமான டிரேட்தான். அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அவனைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 27

சொல்லிவிட்டேன். எத்தனை தரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன், கடைசியில் படியில் நின்று, கையில் துணிக்கூடையோடு, சம்பந்தமே இல்லாமல்.

"ஸிக்கி, சீட் கணக்குலேருந்து என் பேரை எடுத்துடு. நான் லுசில் வீட்டுக்குப் போறேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல. திரும்பி வர்றதா இல்ல."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு நிமிஷம் நான் நினைத்ததுபோலவே ஆகிவிட்டதோ, உடைந்துவிட்டானோ என்று தோன்றியது. வேண்டாம், விடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவனே கேட்டான்: "அப்ப என் பக்கத்துல யாரை உக்கார வைக்கிறது?"

"யாரை வேணா வை. கேனலர்ஸ் தொப்பி போட்டிருந்தா போதும்."

"என் தம்பி வருவான்."

"அவன் வாயை மூடவே மாட்டானே."

"நீ மட்டும்?" என்றான். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தான். "வீட்டை என்ன பண்ணலாம்?"

"வித்துடலாம்."

"வித்துடலாம்," என்றான் அவனும். 'பிறகு' என்று சேர்க்காமல் இரண்டு பேரும் இதை முதல்தரமாகச் சொல்கிறோம்.

பிப்ரவரி 6

போகாமல் இருக்க என்னென்ன காரணம்! டிப்போவில் வருஷ நடுவில் விடமாட்டார்கள் (விட்டார்கள்). கார் அவ்வளவு தூரம் தாங்காது (தாங்குமாம், மெக்கானிக் சொல்கிறான்). அரிசோனாவில் எனக்கு யாரைத் தெரியும்? வெயில் ஒத்துக்கொள்ளுமா? ஐம்பத்துநாலு வயதில் யார் புது டீமுக்குப் போகிறார்கள்? எவன் எடுப்பான்?

சாமான் கட்ட ஆரம்பித்தேன். நிறுத்தினேன். மறுபடி கட்டினேன்.

பிப்ரவரி 22

ஸிக்கிதான் பெட்டியைக் காரில் ஏற்றினான். கிளம்பும்போது ஜன்னலைத் தட்டினான். இறக்கினேன்.

"ப்ரூட் நல்லா ஆடுவான் பாரு."

"ஆடமாட்டான்," என்றேன்.

வழியில் ஈரி நகரம் தாண்டும்வரை ஒவ்வொரு சிக்னலும் ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 9

வேலை கிடைத்துவிட்டது. பழைய மஞ்சள் வண்டி, கியர் உறுமுகிறது. பாதை எல்லாம் புதிது. இரண்டு முறை தப்பான தெருவில் திரும்பிவிட்டேன், பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். லுசில் வீட்டுப் பின்னறையில் தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் கட்டில். இதுவும் ஒரு கூண்டுதானோ என்று முதல் வாரம் அழுதேன். இங்கே கதவைத் திறந்தால் மட்டும் எலுமிச்சை மரம்.

ஏப்ரல் 2

முதல் ஆட்டம். லுசிலின் தொலைக்காட்சியில் பார்த்தோம். பஃபலோவில் மைதானத்து ஓரத்தில் இன்னும் பனி குவிந்து கிடக்கிறது.

ஹட்சில் ஒரு பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடி வருவதற்குள் லுசில் காபி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நான் சொன்னேனா இல்லையா! ஆனால் அந்த ப்ரூட். ஐந்தாவது இன்னிங்ஸில் தலைகுப்புறப் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்து, மண்டியிட்டபடியே முதல் பேஸுக்கு எறிந்தான். நான் எழுந்து நின்று கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வளைந்து வந்த பந்துக்கு மூன்று தரம் அவுட் ஆனான், அது வேறு விஷயம்.

எட்டாவது இன்னிங்ஸில் லுசில் கேட்டாள்: "உன் சீட் எதுடி? மூணாவது பேஸ் பக்கம்னியே, அப்பப்ப காட்டுறானே."

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கம் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ரன்னில் தோற்றோம். தோற்றோம் என்றுதான் இன்னும் எழுத வருகிறது. வரட்டும்.