மலை எறங்குதுன்னு சொல்லு

இன்று காலை தேவாலய வாசலில் ஒரு பேசின் நிறைய ஈரச் செவ்வந்தி மாலைகள் இருந்தன. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் மேற்கொண்டு நடக்க முடியவில்லை. போன வருஷம் மாலை கட்டியவள் நீ. இந்த வருஷம் யாரோ நோர்வூட் டவுனில் வாங்கி வந்திருக்கிறார்கள். நெருக்கமாகக் கட்டவில்லை, நார் தெரிகிறது. நீ பார்த்திருந்தால், "என்னாடி இது, கோழி கெளறின மாதிரி" என்று சிரித்திருப்பாய்.

போன வருஷம் வந்த அதே வெள்ளைக்கார மிஷனரித் தம்பதிதான் இன்றும் வந்தார்கள். அப்போது புதுக் கட்டடத்தின் பிரதிஷ்டை. தப்படித்து அழைத்து வந்தோம். போதகர் மாலை போட்டார். மாலை விழுந்ததும் ஒரு கும்பிடு போட்டுக் கழற்றி வைப்பது நம் வழக்கம். அவர்களுக்கு அது தெரியாது. கழற்றினால் நம்மை அவமதித்ததாக ஆகிவிடும் என்று நினைத்து, ஆராதனை முடியும்வரை கழுத்தில் சுமந்துகொண்டே இருந்தார்கள். அந்த அம்மாவின் கழுத்து சிவந்து தடித்துவிட்டது. பின்வரிசையிலிருந்து நீ, "கழட்டச் சொல்லுடி டீச்சர், பாவம்" என்று சைகை காட்டினாய். மொழிபெயர்க்க நின்ற நான், சபை நடுவில் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். அன்று நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான் என்றால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கொட்டகலையில் ஒரே வகுப்பில் படித்தோம். நான் இங்கிலீஷ் டீச்சர் ஆனேன், நீ தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாய். அதற்காக ஒருநாளும் என்னிடம் மூஞ்சியைத் தூக்கியதில்லை. பிரதிஷ்டை அன்று நீ தேவாலயத்துக்கு வந்தது சாமி கும்பிட அல்ல. உனக்கு மாரியம்மன் போதும். உன் லயத்துக்குப் பின்னால், அந்த வரிசை வீடுகளை ஒட்டி, மலையில் வெடிப்பு விட்டிருந்தது. முதலில் விரல் நுழைந்தது, பிறகு கை, பிறகு முழங்கை. கணக்கப்பிள்ளையிடம் சொன்னாய். தொரையிடம், அதுதான் தோட்ட மேனேஜரிடம், ஆபீஸ் வாசலில் நின்று சொன்னாய். "ஒவ்வொரு மழைக்கும் இதையேதான் சொல்லுறீங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஆராதனைக்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நாங்க சொன்னா தொரை கேக்க மாட்டாரு. வெள்ளக்காரங்க சொன்னா கேப்பாரு. சாட்சி சொல்ற நேரத்துல நான் எந்திரிக்கிறேன். நான் சொல்றத அப்படியே சொல்லு. கூட ஒண்ணும் வேணாம், கொறையவும் வேணாம்."

சரிடி என்றேன். சரி என்று சொன்னதும் இந்த வாய்தான்.

ஆண்டவர் செய்த நன்மைகளைச் சபைமுன் சொல்லும் அந்தச் சாட்சி நேரத்தில், நெற்றியில் குங்குமத்தோடு நீ எழுந்தபோது சபையே திரும்பிப் பார்த்தது. மிஷனரி ஐயாவின் முகம் மலர்ந்தது. நீ அழுத்தந்திருத்தமாகச் சொன்னாய்: "எங்க லயத்துக்குப் பின்னால மலை எறங்குதுங்க. தொரைகிட்ட சொல்லுங்க, எங்கள எறக்கச் சொல்லுங்க."

முன்வரிசையில் தொரை கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். போதகர் என்னைப் பார்த்த பார்வையில், டீச்சர், இன்னைக்கு வேண்டாம் என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்கே கூச்சமாக இருந்தது. விருந்தாளிகள் முன்னால் நம் வீட்டுச் சண்டையை எப்படி வைப்பது என்ற கூச்சம். என் வாய் இங்கிலீஷில் இப்படிச் சொன்னது: மலையிலிருந்து ஆசீர்வாதம் இறங்கி வருவதை இந்தச் சகோதரி காண்கிறாராம்.

ஐயா "ஆமென்" என்று எழுந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மா ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டு, தனக்குப் போட்ட பொன்னாடையை உன் தோளில் போட்டார். நீ திகைத்துப்போய் நின்றாய். பிறகு உன் கண் நிறைந்தது. கடைசியில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டார் என்று நினைத்திருக்கிறாய், அடி பைத்தியமே.

வெளியே வந்ததும் கேட்டாய்: "சொல்லிட்டியா? என்னா சொன்னாங்க?"

"செபம் பண்றாங்களாம்."

"செபம் கெடக்கட்டும்டி. தொரைகிட்ட பேசுவாங்களா?"

"பேசுறேன்னாங்க."

முதல் பொய் கூச்சத்தில் வந்தது. இரண்டாவது, முதல் பொய்யைக் காப்பாற்ற வந்தது. முதலாவதைக் கூட ஒருவேளை ஆண்டவர் மன்னிப்பார். இந்த இரண்டாவதற்கு எனக்கு எங்கேயும் மன்னிப்பு இல்லை. அதை நம்பித்தானே நீ அங்கேயே இருந்தாய்! உன் அண்ணன் நோர்வூட்டிலிருந்து வந்து கூப்பிட்டானாம். "வெள்ளக்காரங்க தொரைகிட்ட பேசிட்டாங்கண்ணே, ஆளு வருவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாயாம். உன்னைப் புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில் அவன் இதைச் சொன்னான். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிநேகிதி போன துக்கம் என்று எல்லோரும் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பிரதிஷ்டை முடிந்த ஒன்பதாம் நாள், பகல் இரண்டு மணிக்கு மலை இறங்கியது. காய்ச்சல் என்று கொழுந்துக்குப் போகாமல் படுத்திருந்தாய். மற்றவர்கள் வேலையில் இருந்ததால் பிழைத்தார்கள். மண்ணைத் தோண்டியபோது முதலில் வெளியே வந்தது அந்தப் பொன்னாடைதான். போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாய்.

இன்று உனக்காக நினைவுக்கல் திறந்தார்கள். தேவாலயச் சுவரில் உன் பெயரைப் பொறித்து, கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு வாக்கியம்: "மலையிலிருந்து ஆசீர்வாதம் இறங்கி வருகிறது." நீ சொன்னதாம்! ஐயா அதைத் தன் நாட்டில் போன இடமெல்லாம் பிரசங்கித்தாராம். மக்கள் அழுதார்களாம். அவர் சொல்லச் சொல்ல நான்தான் தமிழில் சொல்லவேண்டும். முன்வரிசையில் அதே கோட்டு, அதே தொரை. "அந்தச் சகோதரியின் கடைசி சாட்சி" என்று ஐயா சொன்ன இடத்தில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன்.

போதகர் கிட்டே வந்து, "டீச்சர், தண்ணி குடிங்க" என்றார்.

"வேணாங்க" என்றேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் தமிழில் சொன்னேன், பிறகு இங்கிலீஷில்: அவள் அப்படிச் சொல்லவில்லை. மலை இறங்குகிறது, தொரையிடம் சொல்லி எங்களை அங்கிருந்து இறக்குங்கள் என்றாள். மாற்றிச் சொன்னது நான்.

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஐயா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொரை எழுந்து நின்றார். அந்த அம்மா மெதுவாக மாலையைக் கழற்றினார். வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதார். என்னை யாராவது அறைந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். யாரும் அறையவில்லை.

அப்போது பின்வரிசையில், போன வருஷம் நீ நின்ற இடத்துக்குப் பக்கத்தில், மேல் லயத்துக்காரி ஒருத்தி எழுந்தாள். அங்கே இன்னும் எட்டுக் குடும்பம் இருக்கிறது, தெரியுமா? இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

"டீச்சர், எங்க பக்கமும் வெடிச்சிருக்குங்க. என் கை இதுவரைக்கும் போகுது. அதையும் சொல்லுங்க" என்றாள். தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

தொரையைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னேன். விரல், கை, முழங்கை, எட்டுக் குடும்பம், எல்லாம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொரை வெளியே போனார். ஐயா அவர் பின்னால் ஓடினார். என்ன பேசினார்களோ, இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது. மழை இன்னும் விடவில்லை.

அந்தப் பெண் என்னிடம் வந்து, "சொல்லிட்டீங்களா? என்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

உன் குரல் மாதிரியே இருந்ததடி. "இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். "நீங்க இன்னைக்கே எறங்கிருங்க. என் வீட்டுக்கு வந்துருங்க."

உன்னிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரு பேச்சுதான்.