செவலையின் பால்

டிசம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. குழாய்க்குச் சாக்குச் சுற்றியாயிற்று. விறகைக் கொட்டகைச் சுவர் உயரத்துக்கு அடுக்கிவிட்டேன். கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன, தீனியை மட்டும் நிறுத்தவில்லை. யாரைப் போல என்று நான் சொல்லமாட்டேன்.

முழங்கால்தான் படுத்துகிறது. ஜனவரி இருபதாம் தேதி டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதற்கப்புறம் இரண்டு மாதம் வாளி தூக்கக் கூடாதாம். அடுப்பு ஒரு நாள் அணைந்தாலும் குழாய் உறைந்து வெடித்துவிடும், உனக்கே தெரியும். அப்பா போனதிலிருந்து ஆறு குளிர்காலம் நான் இந்த அடுப்பை விட்டு நகரவில்லை. "இந்தத் தடவை நான் வந்து பாத்துக்கறேன்க்கா" என்று அறுவடையின்போது நீதான் சொன்னாய். பதினெட்டாம் தேதிக்குள் வந்துவிடு.

பிரியமுள்ள,
அக்கா

டிசம்பர் 14

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிக்க சந்தோஷம். குளிர்காலம் வந்தாலே உன்மேல் எனக்குப் பொறாமை. உழவு இல்லை, அறுப்பு இல்லை. அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய். இங்கே ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. செவலைப் பசு எப்போது கன்று போடும் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். உன் கடிதங்களை ஒன்றுவிடாமல் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி

டிசம்பர் 27

தம்பி,

செவலை போய்விட்டாள். கன்று போடும்போதே மூச்சு நின்றுவிட்டது. தரை கல்லாக இறுகிக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தச்சரும் நானும் கடப்பாரையால் இரண்டு நாள் குத்திக் குழி தோண்டினோம். கன்று பிழைத்துக்கொண்டது. புட்டியில் பால் கொடுக்கிறேன். அவள் மடியைப் பிடித்துப் பழகிய கை, விடிந்ததும் தானாக வாளியைத் தேடுகிறது. அழுதேன், மறைப்பானேன்.

ஆபரேஷனைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய். பழைய பூட்டு துருப்பிடித்துவிட்டது, புதுசு போட்டிருக்கிறேன். இருப்பதே ஒரு சாவி. அதை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். வெளியே போனால் நான் கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போகிறேன், கடைசியாகக் கிளம்பும்போது அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். நீ வர ஒரு நாள் தாமதமானாலும் திறந்துகொள். முதலில் அடுப்பை மூட்டு, மற்றதெல்லாம் பிறகு.

அக்கா

ஜனவரி 9

அன்பு அக்கா,

கடிதம் கிடைத்தது. உறை கனமாக இருந்தது. குளிர்காலத்தில் உனக்கு எழுதுவதற்கு நிறைய நேரம்! கன்று போட்டாயிற்றா? செவலையின் பாலை எல்லாம் ஊருக்குக் கொடுத்துவிடாதே, நீயும் குடி. உன் உடம்புக்கு நல்லது.

தம்பி

மார்ச் 2

அக்கா,

என்ன வேலை செய்தாய்? லீவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. குழாய் வெடித்து, சமையலறை வாசல்வரை ஐஸ். கொட்டகையில் செவலையும் இல்லை, ஒரு கோழிகூட இல்லை. தச்சரிடம் கேட்டால், "எல்லாம் உங்களுக்கு எழுதிட்டாங்களே" என்று முகத்தில் அறைகிற மாதிரி கதவைச் சாத்துகிறார். சின்னவள் பஸ் நிறுத்தத்தில் குளிரில் அழுதாள். கூடப் பிறந்தவனுக்கு ஒரு வார்த்தை எழுத உனக்கு மனசு வரவில்லையா? சாவியை உடனே அனுப்பு. இந்தக் கடிதத்தைத் தச்சர் வீட்டு விலாசத்துக்குப் போடுகிறேன்.

தம்பி

மார்ச் 11

தம்பி,

செவலை இறந்ததை எழுதினேன். நீ அவள் பாலைக் குடிக்கச் சொன்னாய். அன்றைக்குப் புரிந்தது. என் கடிதத்தைப் பிரித்தால் 'வா' என்று இருக்கும், அதனால் பிரிக்காமல் வைத்திருக்கிறாய். பத்திரமாகத்தான்.

பதினெட்டாம் தேதி கடைசி பஸ் போகும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கன்றையும் கோழிகளையும் தச்சர் மனைவியிடம் ஒப்படைத்தேன். அடுப்பில் நானே தண்ணீரை ஊற்றினேன். குழாய் வெடிக்கும் என்று தெரிந்தேதான்.

கால் தேறிவிட்டது. இந்த ஆஸ்பத்திரிச் சமையலறையிலேயே உட்கார்ந்து காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இனி அங்கே திரும்பிப் போகமாட்டேன், வீட்டை நீயே வைத்துக்கொள். சாவி உன் அலமாரியில், டிசம்பர் 27 தேதியிட்ட என் கடிதத்தின் உறைக்குள் இருக்கிறது.

சின்னவள் அழுதாள் என்பது மட்டும் மனசை அறுக்கிறது.

நீ பிரிக்கமாட்டாய் என்பதால் இதை அஞ்சலட்டையில் எழுதியிருக்கிறேன்.

அக்கா