மதினி வரைந்த பேரரசர்

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் ஜப்பான் பாணியில் வரைந்த மங்கா படக்கதை அச்சுக்குப் போய்விட்டது. போன வாரம் அது நின்றே போயிருக்கும். அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு அண்ணனை வரச் சொல்லியிருந்தேன். புருஷன் சம்மதம் இல்லாமல் அச்சடிக்க மாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு அண்ணன் உங்கள் படங்களைத் தொட்டதில்லை. நீங்கள் இருந்தபோது மட்டும் பார்த்தானா என்ன?

ராஜபாளையத்து மில்லில் ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சோடு வந்தான். மாதிரிப் பிரதியை அவன் கையில் கொடுத்துவிட்டு, போன் வந்ததென்று வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவன் முகம் இறுகிக் கிடந்தது.

"ஏட்டி, இத நிப்பாட்டு."

"ஏண்ணே?"

"நிப்பாட்டுன்னா நிப்பாட்டு."

பிரதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கை எடுத்தான். ராஜபாளையம் பக்கம் திரும்பாமல் செண்பகத்தோப்பு ரோட்டில் போனான். காட்டோரத்தில் அவனுக்கு என்ன வேலை? போனை எடுக்கவில்லை. நானும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன்.

வனத்துறை செக்போஸ்டுக்கு முன்னால், ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பிரதியை நீட்டினான்.

"அவ என்ன விட்டுட்டுப் போவணும்னு நெனச்சாளா செல்வி?"

உங்கள் கதையில் பேரரசி பெட்டியோடு, உங்கள் அம்மா ஊரான தேவதானத்துக்குப் பஸ் ஏறும் பக்கம் அது. பொத்தான் போடாத சட்டையோடு வாசலில் நிற்கும் பேரரசருக்கு அண்ணனின் முகம், அதே மீசை. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அண்ணே, இது கடைசிப் பக்கம் இல்ல. மொதப் பக்கம். நீ பின்னாலருந்து படிச்சிருக்க. ஜப்பான்காரவுக மாதிரி இத வலது பக்கமிருந்து படிக்கணும்."

புரட்டிப் பிடித்து மறுபடி படித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உலகத்தைப் பிடிக்கப் புறப்பட்ட பேரரசர், கோபித்துப் போன பெண்டாட்டியைத் தேடிப் போரைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறார். பிரமிடு கட்டுகிறவர்களிடம் விசாரிக்கிறார். சீனப் பெருஞ்சுவரில் ஏறி நின்று, "எம் பொண்டாட்டியப் பாத்தீகளா?" என்று கத்துகிறார். கொத்தனார்கள் கரண்டியைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள். அந்த இடத்தில் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் பேரரசர் தேவதானத்தில் ஒரு வீட்டு வாசலில் வாளைக் கீழே வைத்துவிட்டு, "தப்புத்தான். வீட்டுக்கு வா" என்கிறார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். அண்ணன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் போவலையே செல்வி. அன்னைக்கு அவளாத்தான திரும்பி வந்தா."

நீங்கள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாட்களைச் சொன்னான். மதினி, வேடிக்கைக்காகத்தான் வரைந்தீர்களா? இல்லை, அவன் வருவான் என்று அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

பிரதியை வாங்கிக்கொண்டு, "பேரரசர் மூஞ்சிய வேணும்னா மாத்திரலாம்ணே" என்றேன்.

"வேண்டாம். அவ வரைஞ்சபடியே இருக்கட்டும். ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "மொதப் புத்தகத்த அவ அம்மாட்ட நாந்தான் குடுப்பேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறதுன்னுதான் தெரியல."

நீங்கள் கண் மூடிய நாளிலிருந்து அவன் உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, மதினி. புத்தகம் பைண்டிங் முடிந்து வந்ததும், அவன் தயங்கினால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போய் அந்த வாசலில் நிறுத்துவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. உள்ளே போய்ப் பேச வேண்டியது அவன் பாடு.

உங்கள் நாத்தனார்,
செல்வி