பொம்மைப் பெட்டியும் உறுமி மேளமும்

டிசம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. லோபாக்கில் நான் வேலை பார்க்கும் டயர் கடை வாசலில் தண்ணீர். டயர் மாற்ற ஒரு காரும் இல்லை. முதலாளிக்குச் சும்மா இருக்க முடியாது. சக்கர ரிம் வந்த அட்டைப் பெட்டிக்குச் சிவப்புத் தாள் ஒட்டச் சொன்னார். ஆட்டிசம் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் பொம்மை சேகரிப்பாம். ஒட்டினேன். கடைப் பெயர் பெரிய எழுத்தில். பிள்ளைகள் அடியில், பொடி எழுத்தில்.

யாழினி போகும் மையத்துக்குத்தான் எல்லாம். அவள் என் தங்கச்சி என்று கடையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள், ‘ஐயோ பாவம்’ பார்வை. வேண்டாம்.

டிசம்பர் 12, வெள்ளி

பெட்டிக்குள்: ஒரு கண் இல்லாத கரடி. பாதித் துண்டுகள் காணாமல்போன புதிர்ப் படம். பேட்டரி ஒழுகிய சைரன் கார். வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள், பெயர் தர்மம்.

யாழினி இன்றும் தானாக வேனில் ஏறினாள். ஒன்பது வயது. எஸ்டேட் வீட்டு வாசலைத் தாண்டவே கத்தியவள். மாதக்கணக்கில் பழக்கிய பிறகு இது. அவள் போவதால்தான் அம்மா சுங்கை காடுட் ஃபேக்டரிக்குப் போக முடிகிறது. இன்னும் நிரந்தரமில்லை. லீவு போட்டால் வேலை போச்சு.

டிசம்பர் 17, புதன்

சனிக்கிழமை கடை வாசலில் பொம்மை கொடுக்க ஒய்.பி. வருகிறார். சட்டமன்ற உறுப்பினர் வந்தால் உறுமி மேளம் வேண்டுமாம் முதலாளிக்கு.

“மேளம் வேணாம் அண்ணே. அந்தப் புள்ளைங்களுக்குச் சத்தம் ஆகாது.”

“ஏய் மேகலா, ஒய்.பி. வராருலா! பக்கத்துச் சீனவங்க கடைக்குச் சிங்க ஆட்டம் வருது. நம்ம மட்டும் கையத் தட்டிக் கூப்பிடணுமா?”

“புள்ளைங்களுக்குத்தானே நிகழ்ச்சி?”

“சரி சரி, மெல்ல அடிக்கச் சொல்றேன்.”

உறுமியை, மெல்ல. பட்டாசையும் மெல்ல வெடிக்கச் சொல்லலாம்.

மையத்து டீச்சருக்குப் போன் செய்தேன். “மையம் நடக்கிற மாடியே உங்க முதலாளி சும்மா கொடுத்ததுமா. நான் என்னத்தப் பேச?”

சனிக்கிழமை அம்மாவுக்கும் ஷிப்ட். யாழினியை நான்தான் கூட்டிப் போக வேண்டும். ஃபேக்டரி காதுமூடி ஒன்றை அம்மா கொண்டு வந்தார்.

டிசம்பர் 20, சனி

ஒய்.பி. தாமதம். பிள்ளைகள் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில். யாழினி காதுமூடியோடு அமைதியாக இருந்தாள். முதலாளி என்னைக் குடிநீர் எடுக்க அனுப்பினார். திரும்புவதற்குள் போட்டோக்காரன் காதுமூடியைக் கழற்றிவிட்டான். “முகம் தெரியலக்கா.”

அந்த நேரம் கார் வந்தது. மேளம்.

நாற்காலிகள் சரிந்தன. ஒரு பையன் தன் கையையே கடித்தான். யாழினி ஓடவில்லை, அப்படியே தரையில் விழுந்து தலையை இடித்துக்கொண்டாள். நான் அவள் மேல் படுத்தேன். பின்னால் ஒரு பெண்மணி: “ஸ்ட்ரிக்ட்டா வளக்கல, அதான்.”

மேளம் நிற்கவில்லை. ஒய்.பி. ரிப்பன் வெட்டிய பிறகுதான் நின்றது.

டிசம்பர் 22, திங்கள்

வேன் வந்தது. யாழினி கட்டிலுக்கடியில். டிரைவர் அங்கிள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மா லீவு.

கடை ஃபேஸ்புக்கில் படம். யாழினி, வாய் பிளந்து, கண் பிதுங்கி. கீழே: ‘மகிழ்ச்சியில் துள்ளும் மழலை.’ இதயக் குறிகள் குவிகின்றன.

“அந்தப் படத்த எடுத்துடுங்க அண்ணே. அது என் தங்கச்சி.”

முதலாளி உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. “முன்னாலேயே சொல்லக் கூடாதா புள்ள? முதல் வரிசையில, மேளத்துக்குப் பக்கத்திலயே உட்கார வச்சிருப்பேனே!”

படத்தை நீக்கவில்லை. ஒய்.பி. பகிர்ந்துவிட்டாராம்.

டிசம்பர் 23, செவ்வாய்

மழை இல்லை. வேன் வாசலுக்கு வரவில்லை. டிரைவர் அங்கிள் ரோட்டிலிருந்தே போன் செய்து யாழினி வருகிறாளா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அம்மா சூப்பர்வைசரிடம் பேசினார். மலாயில், ரொம்ப மரியாதையாக. போனை வைத்துவிட்டு, ஃபேக்டரிச் சட்டையைத் துவைக்கப் போட்டார். திருப்பிக் கொடுக்கும்போது சுத்தமாக இருக்க வேண்டுமாம்.