புஜ்ஜியின் ஃபைல்

புஜ்ஜிம்மா,

குவைத்தில் அம்மா நலம். நீ நலமா என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், கண்டுகொள்ளாதே. உன் பிணத்தை எடுத்த அன்றைக்குக்கூட நான் வீட்டு வேலை பார்க்கும் மேடம் லீவு தரவில்லை. அதான் போய்விட்டாளே, இனிமேல் நீ போய் என்ன ஆகப்போகிறது என்றாள்.

நேற்று மோகனப்பிரியா போன் செய்தாள். நீ வேலை பழக்கிய பெண்தான். டாக்டர் எழுதும் நோய்க்கெல்லாம் நம்பர் போடும் உன் சீனியர் கோடர் சீட்டு இப்போது அவளுக்காம். நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே செத்ததால், உன் ஃபைலும் அவளிடமே வந்திருக்கிறது. டெங்கு காய்ச்சலுக்கு உண்டான நம்பரைப் போட்டு மூடிவிட்டாளாம்.

"ஆஸ்பத்திரி கட்டில்லேர்ந்து உயுந்து மண்ட ஒடஞ்சிதானேடி செத்தா? நீதான பாத்துட்டு சொன்ன?" என்றேன்.

"ஆமா ஆன்ட்டி. ஆனா டாக்டர் அத எழுதலியே. அவர் எழுதாததுக்கு நம்பர் போடக் கூடாதுன்னு அக்காதான் திட்டித் திட்டி சொல்லிக் குடுத்தாங்க."

"சந்தேகம்னா டாக்டரையே கேட்டு எழுதி வாங்கணும்னும் சொல்லுவாளே?"

"அவரப் போயி கேட்டா என் வேல போயிடும் ஆன்ட்டி. அக்காவே இல்ல, இனிமே கேட்டு இன்னா ஆவப்போவுது?"

உன் சாப்பாட்டு டப்பா ஆபீஸிலேயே கிடக்கிறதாம். அப்பாவைப் போய் பட்டாபிராம் வீட்டுக்கு எடுத்துவரச் சொல்கிறேன். கழுவ வேண்டாம், அப்படியே வைக்கட்டும்.

மேடம் கத்துகிறாள், போகிறேன். அது வேறு யார் பெற்ற பிள்ளையின் ஃபைலாகவோ இருந்து உன் கைக்கு வந்திருந்தால், நீ அந்த டாக்டரைக் கேட்டிருப்பாயா, புஜ்ஜிம்மா?