ரேடியோவில் ரைட்டர் குரல்

12-8-96, திங்கள்

எழுதவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒட்டுக் கேட்கிற புத்தி. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தன் வீட்டுக் கம்பியில்லாத போனில் பேசினால் என் டீக்கடை ரேடியோவில் அப்படியே கேட்கும். கடையே சிரிக்கும். "ஏனுங்க ரைட்டரே, நேத்து மாமனாருகிட்ட நொம்பப் பயந்துட்டீங்களாட்ட இருக்குது?" என்று அவரையே கிண்டல் செய்வேன். எப்படித் தெரியும் என்று மட்டும் சொன்னதில்லை.

இன்று அவர் டாக்டரிடம் அழுதார். "புத்துநோயின்னு அவகிட்டச் சொல்லிறாதீங்க சார், தாங்கமாட்டா." யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சரோஜா பால் வாங்க வந்தாள். "ஏனுங்கண்ணா, இன்னிக்குக் கடை இத்தனை அமைதியா இருக்குது?"

ரேடியோவை அணைக்கப் பாய்ந்தேன். குமிழ் கழன்று கையோடு வந்துவிட்டது.

"சரோஜாவுக்கு இன்னும் எத்தனை மாசமுங்க சார்?" என்றது ரேடியோ.