ஆக்சிலேட்டருக்கு அடியில் இருந்த தோல்துண்டு

பாய்,

அடுத்த மாதம் ஓய்வு. ஆபீஸ் டிராயரைக் காலி செய்தபோது குப்பென்று தோல் வாசனை அடித்தது. அடியில் உங்கள் தோல்துண்டு. கட்டைவிரல் தடிமன், நடுவில் திருகு போன ஓட்டை. உங்களுக்கு எதிரான சாட்சி என்று நான் பூட்டி வைத்தது.

சந்தேகம் என் பிறவிக் குணம், உங்களுக்குத் தெரியாததா? பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து தையல் பிரிவுப் பெண்களை ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் கொண்டுவர மூன்று வேன்கள். மூன்றுக்கும் நான்தான் சூப்பர்வைசர். ஒரே மாதிரி வண்டி, ஏறக்குறைய ஒரே தூரம். நீங்கள் ஓட்டிய வேன் மட்டும் டீசல் கம்மியாகக் குடித்தது. திருடுகிறவன் ஜாஸ்தியாகத்தானே காட்டுவான்? கம்மியாகக் காட்டுகிறவன் என்ன செய்கிறான்? கடைசி ஊர்வரை போகாமல் பெண்களை மெயின்ரோட்டுக்கு நடக்க வைக்கிறீர்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கடைசி ஊரில் போய் நின்றேன். நீங்கள் தெருமுனைவரை வந்து ஏற்றினீர்கள். வழியெல்லாம் ஸ்பீடோமீட்டர் முள் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. லாரிகள்கூட முந்திப் போயின. என் முகத்தைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். ஏன் இப்படி ஊர்கிறீர்கள் என்று கேட்டதற்கு நீங்கள் சொன்னது இவ்வளவுதான்.

"வேகம் ஜாஸ்தி ஆனா ரெண்டு கம்மி ஆவும் சார். டேங்க்ல டீசல், பிரேக் புடிக்க எடம்."

அதையும் நம்பவில்லை. மனிதன் கால் அளந்து வைத்தாற்போல நிற்குமா? கம்பெனி வந்ததும் குனிந்து பார்த்தேன். ஷூவின் அடிக்குப் போடும் தடித்த தோலை அறுத்து, ஆக்சிலேட்டருக்கு அடியில் திருகி வைத்திருந்தீர்கள். கால் அதற்கு மேல் இறங்காது. பிடிபட்டார் பாய் என்று எனக்கு ஒரே குஷி. மணி அடிக்கிற நேரத்தில்தான் உங்கள் வேன் வருகிறது என்று ஏற்கெனவே புகார் வேறு. வெள்ளிக்கிழமை நீங்கள் ஜும்மாவுக்குப் போன நேரம் பார்த்து நானே கழற்றினேன். சாயங்காலம், இனிமேல் பத்து நிமிடம் முன்னதாக வர வேண்டும் என்று உத்தரவும் போட்டேன்.

திங்கட்கிழமை பனி. சாலையில் குறுக்கே ஒரு மாடு. நீங்கள் பிரேக் அடித்தீர்கள், இடம் போதவில்லை. வேன் சிறுபாலத்துக் கட்டையில் மோதியது. முன்சீட்டில் இருந்த வள்ளிக்குப் புருவத்துக்கு மேல் நெற்றி கிழிந்தது.

ஏன் வேகமாக வந்தாய் என்று மேனேஜர் கேட்டபோது என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு, தப்பு என்னுதுதான் என்றீர்கள். நான் வாயே திறக்கவில்லை. துண்டு டிராயரில் இருந்தது.

உங்களைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். தினமும் எனக்கு சலாம் வைத்தீர்கள். அதையும் சந்தேகப்பட்டேன், பாய். கிண்டலா, மிரட்டலா? எப்போது போட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்று ஒன்பது வருடம் காத்திருந்தேன்.

போன மாதம் நெஞ்சுவலியில் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு துக்கம் கேட்க வந்தேன். உங்கள் வீட்டம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்: "கழட்டுனது நீங்கதான்னு அவருக்கு அன்னிக்கே தெரியும் சார். 'அவருக்கு மூணு பொண்ணுங்க, வேல பூட்டா இன்னா பண்ணுவாரு'ன்னு வுட்டுட்டாரு."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது.

நேற்று வள்ளியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றாள். "இத பாய் இருக்கச்சொல்ல சொல்லியிருக்கணும் சார்" என்றாள். மிஷினுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

உங்கள் துண்டை இன்று என் காரில் ஆக்சிலேட்டருக்கு அடியில் திருகினேன். பைபாஸில் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். இனி எனக்கு யார் மேலும் சந்தேகமில்லை பாய், என் வலது காலைத் தவிர.